எந்த மந்தி?

எங்கள் வீட்டில் ஒன்பது பேர்.
அரிசிக்குப் படி, கத்தரிக்காய்க்குக் கூடை.
எனக்கு யாரும் அளவு சொல்லித் தந்ததில்லை.
அண்டா பெரிது, அவ்வளவுதான்.

கல்யாணமான பதினோராம் நாள்
சித்தூர் ரைத்து பஜாருக்குள் நுழைகிறேன்.
கையில் தாம்பூலப் பை,
கொடுத்தது போக நாற்பது மிச்சம்.
சிவப்பு எழுத்தில் எங்கள் இருவர் பெயர்,
தேதி, மண்டபம், பஸ் நிறுத்தம் உட்பட.
பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாத ஊரில்
அழைப்பிதழைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்
அதில் பச்சைமிளகாய் போட.

தக்காளிக் குவியல் முன்னால் குந்தி
ரெண்டு கிலோ என்றேன்.
முனெம்மா தராசைத் தொடவில்லை.
என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
"எந்த மந்தி?" என்றாள்.

எந்தக் குரங்கு என்று திரும்பினேன்.
பின்னால் பூபாலன் நின்றிருந்தான்
ஹெல்மெட்டைக் கழற்றாமல்.

மாங்கூழ் ஆலையில் நாலு வருஷம்;
அவனுக்குத் தெலுங்கு வரும்.
வயிற்றைப் பிடித்துச் சிரித்து முடித்து,
"எத்தனை பேருன்னு கேக்குது அந்தம்மா" என்றான்.

இரண்டு விரல் காட்டினேன்.
அரைக்கிலோ போட்டாள்.
மேலே ஒரு தக்காளி வைத்தாள்,
அது கணக்கில் இல்லை என்று கையை ஆட்டினாள்.

அரைக்கிலோ என்பது
கையில் ஒன்றுமில்லாத மாதிரி இருந்தது.

ஆனாலும் பழகவில்லை.
ஃபிரிட்ஜ் அடுத்த மாதத் தவணையில்தான் வரும்.
கால்வாசிப் பூசணிக்கீற்று
சாம்பாராகி, கூட்டாகி, அடையாகி,
ஐந்தாம் நாள் மாடிப்படியில் வந்த
வீட்டுக்காரர் பசுவுக்குப் போனது.
இரண்டு பேருக்கு உப்பு எவ்வளவு
என்று அம்மாவைக் கேட்டால்
"போடு, பார்த்துப் போடு" என்கிறாள்
வேலூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சீசன் மாதங்களில் அவன் சட்டை
தோதாபுரி வாசனையோடு வீட்டுக்கு வரும்.
மாம்பழம் என்றாலே முகத்தைத் திருப்புவான்.
நான் மத்தியானம்
தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்று தின்கிறேன்.
நாள் முழுக்க அந்த வாசனையில் நிற்பவனுக்கு
என் விரலில் அது தெரிவதில்லை.
தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறானோ என்னவோ.

முதல் சண்டை கோங்குரா கீரையால்.
நாலு கட்டு இருபது ரூபாய் என்றார்கள்,
ஒரு கட்டு பத்து.
நாலு வாங்காதவள் முட்டாள் இல்லையா?
அவன் செல்போனில் கணக்கு எழுதிக்கொண்டே
"திங்கிறது யாரு?" என்றான்.
சின்னக் கேள்விதான்.
ராத்திரி முழுக்க அது
சமையலறையில் வாடிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் தனியாகப் போனேன்.
முனெம்மா என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.
"ஒக்கரேனா?"
ஒருத்திதானா என்கிறாள். அது புரிந்தது.
சுள்ளென்று ஏறிய கோபத்தில்
எனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் திரட்டி
"இத்தரு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.
இத்தரு என்றால் எவரோ இரண்டு பேர்.
ரோட்டில் போகிறவர்கள்,
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்.
தன்னையும் சேர்த்துச் சொல்வதென்றால்
"இத்தரம்.
அனு, இத்தரம்."

எங்கள் ஊரில் அது
சரக்கின் லட்சணம் சொல்லும் வார்த்தை.
இங்கே நாங்கள் இருவர்.
சொன்னேன்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்,
பின்னால் நின்ற ஆள்
முள்ளங்கிக்கு அவசரப்பட்டார்.

வரும் வழியில் பார்த்தால்
கொத்தமல்லி ஈரத்தில்
பையிலிருந்த அவன் பெயரில் பூ கரைந்திருந்தது.
பாலன் மட்டும் பாக்கி.

வாசலில் ஸ்கூட்டர்.
அதன் கொக்கியில் தொங்குகிறது
இன்னொரு தாம்பூலப் பை.
திறந்து பார்க்க வேண்டியதில்லை,
அடிப்பக்கம் சிவப்பாகப் புடைத்திருக்கிறது.
அவனும் அரைக்கிலோ.

இன்று ரசம்.
நாளைக்கும் ரசம்தான்.